பாடுபவரும் பாடப்படுபவரும்

கலை மக்களுக்காகவே என்பது நம்மிடையே பழகிப்போன வாக்கியம். அந்த மக்கள் யாவர் என்ற கேள்வி அவ்வளவாகப் பழகவில்லை. ஒரு கலைஞர் 'என் மக்கள்' என்று கூறும்போது அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர், அடங்கியோர் தாமே வாய்திறந்து பேசுகின்றனரா, அன்றி அவர்கள் சார்பில் இன்னொருவர் பேசுகின்றாரா என்பவற்றை நோக்குவது விமர்சனத்தின் முதற்கடமையாகும். இக்கடமை கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும் உரியதன்று. இன்றைய மாணவர் கவிதை நூலைத் திறக்குமுன் கைத்தொலைபேசியிற் பாட்டைத் திறக்கின்றனர். அவர்களுடைய உள்ளத்தை உருவாக்குவதிற் பாடநூலைவிடப் பாட்டுக்குப் பங்கு அதிகம் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். ஆகவே பொப் பாட்டும் விமர்சகனின் மேசைக்கு வந்தாக வேண்டும்.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட மாதங்கி மாயா அருட்பிரகாசம் 2005 முதல் 2022 வரை வெளியிட்ட ஆறு இசைத்தொகுதிகளே இக்கட்டுரையின் பொருள். 1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் தாயுடன் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றவர் அவர். ஆங்கிலத்திற் பாடுபவர். அவரைப் பற்றி நம்மவரிடையே இருவகை மனநிலைகள் உள. ஒன்று, இது வெறும் இரைச்சல், மேனாட்டு நசிவுக் கலை என ஒதுக்குவது. மற்றையது, 'நம் பிள்ளை உலகை வென்றாள்' எனப் பெருமிதம் கொள்வது. முன்னையவர் கேட்க மறுக்கின்றனர். பின்னையவர் கேட்காமலே கைதட்டுகின்றனர். இரண்டிலும் விமர்சனத்துக்கு இடமில்லை.

இரைச்சல் என ஒதுக்குவோருக்கு முதலில் ஒரு வார்த்தை. புத்தளக் கரையில் வாழ்வோருக்கு அவ்வாறு ஒதுக்கும் உரிமை சிறிதும் இல்லை. புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில், ஐரோப்பியர் ஆட்சிக் காலங்களில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கேயக் கிரியோல் சொற்கள் இன்றும் எஞ்சி நிற்கும் அவர்களுடைய மஞ்சாப் பாட்டு, போத்தலையும் கரண்டியையும் சிரட்டையையுமே தாளக் கருவிகளாக்குவது. ஆபிரிக்கத் தாளமும் போர்த்துக்கேய மெட்டும் இத்தீவிற் கலந்த கலப்பிலிருந்தே பைலா வளர்ந்தது. அதன் துள்ளலைத் தமிழ்க் காதுகளுக்குக் கொண்டுவந்து, 1970களில் 'சுராங்கனி' பாட்டினாற் புகழ்பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். அடிமைகள், கடலோடிகள், கூலிகள் ஆகியோரின் தாளங்கள் ஒன்றோடொன்று கலப்பது இக்கரைக்குப் புதினமன்று. மேனாட்டு விமர்சகர் மாயாவின் இசையிற் கண்டு வியந்த கலப்பை நம் கரை பல தலைமுறைகளாக அறியும். ஆனால் கலப்பு தன்னளவில் முற்போக்கானதன்று. யார் யாரைக் கலந்தனர், கலந்தபின் யாருடைய குரல் மேலெழுந்தது, யாருடைய குரல் அமுங்கியது என்பதே கேள்வி.

தந்தையின் பெயர்

2005இல் வெளிவந்த முதற்றொகுதியின் பெயர் 'அருளர்'. அது தந்தையின் இயக்கப் பெயர். அருளர் எனப்பட்ட அருட்பிரகாசம், 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியோருள் ஒருவர். இடதுசாரிச் சிந்தனையின் சாயல் கொண்டு, மலையகத் தோட்டத் தொழிலாளரையும் தன் அரசியலுள் வைத்து நோக்க முயன்ற இயக்கம் அது. அருளர் எழுத்தாளருங்கூட. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் இனக்கலவரத்தின்பின் கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய 'லங்கா ராணி', ஈழத்து அரசியல் நாவல்களுள் விதந்து கூறத்தக்கது. அந்த நாவலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. அகதியும் கலமும் மகளின் பாட்டிலும் பின்னர் வருகின்றன.

'அருளர்' தொகுதியின் ஓசை வறியது. அந்த வறுமையே அதன் வலிமை. றோலண்ட் எம்.சி.505 என்ற தாளப்பொறியிலே பல பாட்டுகளின் அடித்தளம் அமைந்தது. தந்திக் கருவிகளின் மெருகு இல்லை. பக்கவாத்தியத்தின் நிறைவு இல்லை. காய்ந்த, உடைந்த, இடைவெளி நிறைந்த தாளம். அதன்மேற் பாடுகின்றதா பேசுகின்றதா கூப்பிடுகின்றதா எனப் பிரித்தறிய முடியாத ஒரு குரல். சிறுமியர் கைகொட்டி விளையாடும்போது அடுக்கிச் சொல்லும் சொற்களின் நடை அக்குரலில் உண்டு. இலண்டன் தொழிலாளர் குடியிருப்புகளிற் குடியேறிகளின் பிள்ளைகள் பேசும் ஆங்கிலமே அதன் மொழி. யமேக்காவின் நடனத் தாளமும் பிறேசிலின் றியோ சேரிகளிலே பிறந்த தாளமும் அதில் வந்து சேர்கின்றன. சங்கீத சபையிற் கற்ற காது இதனைக் குறைபாடு என்று கொள்ளும். ஆனால் அரசாங்க மாடிவீட்டில் வளர்ந்த ஓர் அகதிப் பெண் தன் கைக்கு எட்டிய கருவியைக் கொண்டு தன் வாழ்வுக்கு ஏற்ற உருவத்தைக் கண்டடைந்தாள் என்பதே பொருத்தமான மதிப்பீடு. உள்ளடக்கம் தனக்கான உருவத்தைத் தேடிக்கொள்ளும் என்று நாம் வகுப்பிற் கூறுவதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சொற்களை நோக்கின் மதிப்பீடு சிக்கலாகின்றது. அவை துண்டு துண்டானவை. போரும் கூத்தும், தெருவும் காடும், பகிடியும் பயமும் ஒன்றன்மேலொன்றாக விழுகின்றன. 'சன்ஷவர்ஸ்' என்ற பாட்டிற் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதனால் எம்.ரி.வி. தொலைக்காட்சி அதனை மாற்றமின்றி ஒளிபரப்ப மறுத்தது. ஒரு பெயரைச் சொல்வதே குற்றமாக இருந்த காலத்தில் அப்பெயரைச் சொல்லியது துணிவே. ஆயினும் அத்தொகுதியின் உறையிற் புலியும் தாங்கியும் பல நிறங்களில் அச்சுக்குத்திய கோலங்களாக நிற்கின்றன. போரின் நடுவே வாழ்ந்தவருக்கு ஆயுதம் கோலமன்று. அது யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். தந்தையின் அரசியல் மகளின் பாட்டில் வாதமாக வரவில்லை, சின்னமாக வந்தது. சின்னம் எளிதிற் பரவும்; எளிதில் விலைக்கும் போகும்.

தாயின் பெயர்

2007இல் வந்த இரண்டாவது தொகுதிக்குத் தாயின் பெயர்: 'கலா'. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான விசா தாமதமானமையால், அங்கு நடக்கவேண்டிய ஒலிப்பதிவு இந்தியா, திரினிடாட், யமேக்கா, அவுஸ்திரேலியா முதலிய பல இடங்களில் நடந்தது. வல்லரசு கதவைச் சாத்தியதனால் உலகத்தின் பின்வாசல்கள் திறந்தன எனலாம். மாயாவின் படைப்புகளுள் உயர்ந்தது இத்தொகுதியே என்பது எமது கருத்து. அதற்கான காரணம் அவரது திறமையில் மட்டும் இல்லை. அத்தொகுதியுள் ஒலிக்கும் பிறர் குரல்களில் உள்ளது.

'பேர்ட் புளூ', 'போய்ஸ்' ஆகிய பாட்டுகளில் ஒலிப்பது சென்னையிற் பதிவான உறுமி. ஒரு பக்கத் தோலைத் தட்டியும் மறுபக்கத் தோலைக் கோலால் உரசியும் வாசிக்கப்படும் அக்கருவி, பெயருக்கேற்ப உறுமுவது. கிராமத் தெய்வ வழிபாட்டிலும் இறப்புச் சடங்கிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் கையில் வாழ்ந்த கருவி அது. மலேசியாவுக்குத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரோடு சென்று, அங்கும் உறுமி மேளமாக நிலைத்தது. நம் சபாக்கள் அதனை மேடையேற்றத் தயங்கின. கோயிலின் உள்வீதியில் அதற்கு இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பறைக்கு நேர்ந்த கதியும் இதுவே. தமிழ்க் கனவான்கள் வாசலில் நிறுத்திய கருவியை, பாட்டின் ஓரத்திலன்றி நடுவிலே வைத்து உலக இளைஞரின் காதுக்குக் கொண்டுசென்றமை சிறிய செயலன்று. தமிழ்ப் பண்பாடு என்றால் வீணையும் பரதமும் என்று மட்டும் அறிந்திருந்த புலம்பெயர் நடுத்தர வர்க்கத்துக்கு இது நல்ல பாடம்.

உறுமி மட்டுமன்று. 1991இல் வந்த 'தளபதி' திரைப்படத்தின் இளையராஜா பாட்டொன்று தொகுதியின் முதற்பாட்டினுள் நுழைகின்றது. வேறொரு பாட்டில் அவுஸ்திரேலியாவின் வில்கேனியா என்ற ஊரைச் சேர்ந்த ஆதிக்குடிச் சிறுவர் தம் ஆற்றையும் மீன்பிடியையும் பற்றித் தாமே பாடுகின்றனர். மற்றொன்றில் நைஜீரிய வம்சாவளியைச் சேர்ந்த இலண்டன் இளைஞர் ஒருவர் குடியேறியின் அன்றாடப் பிழைப்பைத் தம் நாவாற் சொல்கிறார். இங்கெல்லாம் மாயா விலகி நின்று இடம் விடுகிறார். அவரது குரல் கூட்டத்தில் ஒரு குரல்.

இதனை விளக்க நம் கரையிலிருந்தே ஓர் உவமை உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருப்போர் மறுமொழி சொல்வர். அடியெடுப்பவரின் குரல் இனிமையாக இருக்கலாம், கரகரப்பாகவும் இருக்கலாம், அது முக்கியமன்று. மறுமொழி நின்றால் வலை நிற்கும். உழைப்பிலிருந்து பிறந்த பாட்டின் இலக்கணம் இதுவே. சில இடங்களில் இன்று உழவுயந்திரம் வலையை இழுக்கிறது. பாட்டும் ஓய்ந்து வருகிறது. ஆனால் அந்த இலக்கணம் ஓயவில்லை. 'கலா' தொகுதியில் நாம் கேட்பது அடியெடுப்பும் மறுமொழியுமே.

இத்தொகுதியின் புகழ்பெற்ற பாட்டு 'பேப்பர் பிளேன்ஸ்', அதாவது காகித விமானங்கள். அதன் அடியில் ஓடும் இசை, தி கிளாஷ் என்ற ஆங்கிலக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. வேலையிழந்த ஆங்கிலத் தொழிலாளரையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும், வேண்டப்படாத குடியேறிகளையும் பற்றிய பாட்டு அது. ஒரு தலைமுறையின் தொழிலாளர் துயரம் மறுதலைமுறையின் அகதிப் பாட்டுக்கு அடித்தளமாகின்றது. அதன்மேல் மாயா கட்டியது நையாண்டி. குடியேறி என்றாற் போலிப் பத்திரக்காரன், திருடன், கொலைகாரன் என எண்ணும் மேனாட்டின் அச்சத்தையே எடுத்து, அதற்கு முகமூடியாக அணிந்து ஆடுகிறார். பல்லவியில் வினைச்சொல் வரவேண்டிய இடத்திற் சொல் இல்லை. துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் காசுப்பெட்டி திறக்கும் ஓசையுமே வருகின்றன. கொலையும் கொள்ளையும் யாருடைய வாயிலிருந்தும் வராமல் ஓசையாகவே நிற்கின்றன. பாடுவதோ இலண்டன் சிறுவர் கூட்டம். எவன் கொள்ளையடித்தான் என்ற கேள்வி கேட்பவன்மேலேயே திரும்புகின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த வெடியோசையை மாற்றி ஒலிபரப்பியமையே, நையாண்டி உரிய இடத்திற் தைத்தது என்பதற்குச் சான்று.

ஆனால் வெற்றியின் வரலாற்றையும் சொல்லவேண்டும். இப்பாட்டு வெளியானபோது பெரிதாக விலைபோகவில்லை. 2008இல் ஓர் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்தபின்னரே அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டு 'ஸ்லம்டோக் மில்லியனர்' திரைப்படத்திலும் இடம்பெற்றது; அப்படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மானுடன் பாடிய பாட்டு ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. குடியேறியின் நையாண்டி, குடியேறியை அஞ்சுவோரின் விருந்துகளில் ஆட்டப்பாட்டாயிற்று. நையாண்டியை விழுங்கும் வயிறு சந்தைக்கு உண்டு. இரட்டைப் பொருளில் ஒரு பொருளை அது துப்பிவிடும்.

தன் பெயர்

மூன்றாவது தொகுதி 2010இல் வந்தது. பெயர் 'மாயா'. நான்காவது 2013இல் வந்தது. பெயர் 'மாதங்கி'. ஐந்தாவது 2016இல் வந்த 'ஏ.ஐ.எம்.', எம்.ஐ.ஏ. என்பதைத் திருப்பிப் போட்டது. தந்தை, தாய், தான், தன் முழுப்பெயர், கண்ணாடியில் தன் பெயர் என்று உறைகளே ஒரு பயணத்தைக் காட்டுகின்றன. தலைப்பை வைத்து நூலை மதிப்பிடலாகாது என்பது உண்மை. ஆனால் இங்கு ஓசையும் சொல்லும் அதே திசையிற் சென்றன.

'மாயா' தொகுதி உருவான காலத்தை நாம் மறத்தலாகாது. 2009 மே மாதம் வன்னியிற் போர் முடிந்தது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில், புகழின் உச்சியில் நின்ற மாயா, அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தமிழ் மக்கள் கொல்லப்படுவதைப் பற்றிப் பேசினார். அன்று அவ்வளவு பெரிய மேடையில் அதனைச் சொன்னவர் மிகச் சிலர். இதற்குரிய மதிப்பை அவருக்குக் கொடுக்க மறுப்பவன் நேர்மையான விமர்சகன் அல்லன். ஆனால் மறு ஆண்டு வந்த தொகுதியில் அந்த மக்கள் மனிதராக வரவில்லை. துளைபொறியும் இரும்புப் பட்டறையும் போல இரைகின்ற ஓசை. இணையம், கண்காணிப்பு, ஒற்று, பொய்ச்செய்தி என்பன பற்றிய சொற்கள். கூகிளும் அரசாங்கமும் ஒரே உடம்பின் எலும்புகள்போற் பொருந்தியவை என்று தொகுதியின் தொடக்கத்திற் கூறப்பட்டபோது பலர் அதனைப் பிதற்றல் என்றனர். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்கக் கண்காணிப்பின் இரகசியங்களை வெளியிட்டபோது பிதற்றியவர் யார் என்பது தெரிந்தது. கருத்தில் மாயா முந்திக்கொண்டார். கலையில் அவர் பின்தங்கினார் என்பதே நம் வாதம். இரைச்சல் முன்பு ஒரு கூட்டத்தினுடையதாக இருந்தது. இப்போது அது ஒரு தனிமனிதரின் தலைக்குள் ஒலிப்பதாக இருந்தது.

'போர்ன் ஃப்றீ' என்ற பாட்டின் காட்சிப்படம் இதற்கு நல்ல சான்று. அதிலே செந்தலைமயிர் கொண்ட வெள்ளை இளைஞரைப் படையினர் சுற்றிவளைத்துக் கொல்கின்றனர். வெள்ளையரைப் பலியாக வைத்தால் வெள்ளையர் உணர்வர் என்ற கணக்கு அதில் உள்ளது. கணக்கு பிழையன்று, ஆனால் விலை பெரிது. கொல்லப்பட்டவர்களின் முகமும் மொழியும் ஊரும் அந்த உருவகத்தில் அழிந்துவிடுகின்றன. எம்.ஐ.ஏ. என்பது போரிற் காணாமற்போனவரைக் குறிக்கும் படைத்துறைச் சுருக்கம். காணாமற்போனோர் என்ற சொல்லின் கனத்தை இந்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் படத்தை நெஞ்சிற் பிடித்து 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சித் தெருவில் அமர்ந்த தாய்மார் கேட்டது உருவகத்தையன்று. பெயரை, திகதியை, இடத்தை. பெயர் கேட்டு நிற்கும் மக்களுக்கு உருவகத்தைக் கொடுப்பது போதாது.

'மாதங்கி'யில் ஓசை மீண்டும் செழிக்கின்றது. மாதங்கி, சாக்த மரபின் பத்துத் தேவியருள் ஒருத்தி; நாவுக்கும் இசைக்கும் உரியவள்; எச்சிலோடும் தீண்டாமையோடும் இணைத்துப் பேசப்படுபவள். ஒடுக்கப்பட்டோர் தெய்வத்தின் பெயர் தன் பெயராக இருப்பதைக் கண்டுகொண்ட மகிழ்ச்சி அத்தொகுதியில் உண்டு. 'பாட் கேர்ள்ஸ்' பாட்டின் காட்சிப்படத்தில் அரபு நாட்டு உடையணிந்த பெண்கள் வண்டிகளை ஓட்டிச் சாகசம் புரிகின்றனர். பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கு சவூதி அரேபியா விதித்திருந்த தடை 2018இலேயே நீங்கியது என்பதை எண்ணும்போது, 2012இல் வந்த அக்காட்சியின் சுவை விளங்கும். ஆனால் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். நாடுகளின் பெயர்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. 'கலா'வில் நாடுகள் தம் மனிதரையும் மேளத்தையும் அனுப்பின. இங்கு அவை பெயர்களை மட்டும் அனுப்பியுள்ளன. பட்டியல் கூட்டமாகாது.

2012இல் அமெரிக்கக் கால்பந்துப் பெருவிழா மேடையில் அவர் நடுவிரலைக் காட்டினார். கால்பந்துச் சங்கம் 1 கோடி 66 இலட்சம் டொலர் கேட்டு வழக்காடியது. 2014இல் இணக்கம் ஏற்பட்டது. 2009இல் ஆயிரக்கணக்கானோரின் சாவைப் பற்றி அவர் பேசியபோது அசையாத நிறுவனங்கள் ஒரு விரலுக்கு அசைந்தன. இது அந்நிறுவனங்களின் தரத்தைக் காட்டுகின்றது. எதிர்ப்பு எவ்வளவு சிறிய உறுப்பாகச் சுருங்கிவிட்டது என்பதையும் காட்டுகின்றது.

படகு

2015 நவம்பரில் 'போர்டர்ஸ்', அதாவது எல்லைகள், என்ற பாட்டு வந்தது. சிரிய அகதிகள் மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த காலம். நடப்பிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு என்ன பதில் என்று வினவும் பாட்டு. காட்சிப்படத்தை மாயாவே இயக்கினார். முட்கம்பி வேலியில் ஏறும் மனிதர். படகில் நெருக்கி அமர்ந்த மனிதர். கடலுக்குள் நடக்கும் மனிதர். கண்ணை ஈர்க்கும் படம். காலத்துக்கு ஏற்ற பொருள். ஆனால் அம்மனிதருள் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் நடுவில், படச்சட்டத்தின் மையத்தில், மாயா அமர்ந்து பாடுகிறார். அவர்களோ சுவர்போல் நிற்கின்றனர். தந்தையின் 'லங்கா ராணி'யில் அகதிகள் கதைமாந்தர். அவர்களுக்கு வாயும் மனமும் உண்டு. மகளின் படகில் அவர்கள் காட்சிப்பொருள். அடியெடுப்பு இருக்கின்றது, மறுமொழி இல்லை.

இந்தக் கரையிற் படகு என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. மீன்பிடிக்கச் செல்வது ஒன்று. வென்னப்புவைப் பக்கத்திலிருந்து இத்தாலியையும், சிலாபத்துக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவையும் நோக்கிப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டது மற்றொன்று. அப்படிப் புறப்பட்டோருள் சிங்களவரும் தமிழரும் இருந்தனர். இன்னொரு பொருளும் உண்டு. 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வந்தோரிற் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். கிடுகுக் கொட்டில்களிற் பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் இன்று தமக்கும் பிள்ளைகளைப் பெற்றுவிட்டனர். அகதி, எல்லை, விசா என்ற சொற்களை எம்.ஐ.ஏ.யின் பாட்டிற் கேட்டுத் தலையசைக்கும் மாணவருள் அப்பிள்ளைகளும் உளர்.

அவர்களுக்கு இப்பாட்டுகள் என்ன சொல்கின்றன? நாம் கேட்டவரையில் ஆறு தொகுதிகளில் ஒரு சொல்லும் இல்லை. எல்லாத் துயரத்தையும் ஒரு பாடகி பாடித் தீர்க்க வேண்டும் என்று நாம் கோரவில்லை, அது அறியாமை. ஆனால் லைபீரியா முதல் பலஸ்தீனம் வரை உலகத்து வெளியேற்றப்பட்டோர் அனைவரையும் தம் உறவினராகக் கொண்ட ஒருவர், தமிழ் பேசும் மக்களுள் ஒரு பகுதியினரைத் தமிழ்ப் போராட்டத்தின் பெயரால் வெளியேற்றியதைக் காணாமல் இருப்பது தற்செயலன்று. உறையிலிருந்த அந்தப் புலிக் கோலத்தை மீண்டும் நினைவுகூர்க. சின்னத்தை எடுத்துக்கொள்பவன் அதன் வரலாற்றை விட்டுவிடுகின்றான். அடக்குவோனும் அடக்கப்படுவோனும் எப்போதும் இரு வேறு இனங்களில் இருப்பர் என்ற எளிய கணக்கில் புத்தளத்து முகாம்கள் அடங்குவதில்லை. அடங்காததைப் பாட வேண்டுமாயின் முதலிற் கேட்க வேண்டும்.

சந்தையும் கவசமும்

இந்தச் சுருக்கத்தை ஒரு தனிமனிதரின் வீழ்ச்சி என்று கூறுவது எளிது. ஆனால் அது இலக்கிய வம்பாகும். 'அருளர்' தொகுதியை முதலில் வெளியிட்டது ஒரு சிறிய இலண்டன் நிறுவனம். அமெரிக்காவில் அதனைக் கொண்டுசென்றது பெருநிறுவனம். பெருநிறுவனத்துக்குக் கலகக்காரி வேண்டும்; கலகம் வேண்டியதில்லை. கூட்டத்தை விற்பது கடினம். ஒரு முகத்தை விற்பது எளிது. ஆகவே கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு முகத்தை உயர்த்திப் பிடித்து, அம்முகமே கூட்டம் என்று சொல்லிவிடும். அம்முகத்துக்குரியவர் நாளடைவில் அதனை நம்பத் தொடங்கினால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2020இல் முதன்முறையாக அவர் குரல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. அது இன்னொருவருடைய பாட்டில் விருந்தாளிக் குரலாக அடைந்த இடம்.

2022இல் வந்த ஆறாவது தொகுதி 'மாதா'. அதில் 'புத்தி' போன்ற தமிழ்ச்சொற்கள் தலைப்பாகவே வருகின்றன. ஓசையிலும் நம் பக்கத்து மேளக்கட்டு திரும்புகின்றது. மகிழத்தக்கதே. ஆனால் 'பொப்புலர்' முதலிய பாட்டுகளின் பொருள் புகழும் தானும் தன்னை விரும்புதலும். கேலியாகச் சொன்னாலும் பொருள் அதுவே. பின்னர் 2024இல், அலைக்கதிர்களிலிருந்து உடம்பைக் காப்பதாகச் சொல்லும் ஆடைகளை விற்கும் வணிகத்தைத் தொடங்கினார். 2010இல் கண்காணிப்பு என்பது அரசும் முதலாளித்துவமும் சேர்ந்து எல்லோர்மீதும் விரித்த வலை என்று பாடியவர், 2024இல் வலையிலிருந்து தப்ப ஆளுக்கொரு சட்டை வாங்குக என்கிறார். கூட்டுப் பிரச்சினைக்குத் தனிமனிதக் கவசம்: தனிமனிதவாதத்தின் முழு வரலாறும் இந்த ஒரு அடியில் அடங்கும்.

இவற்றுக்கு நேர் எதிரான ஓர் உண்மை அவருடைய வாழ்விலேயே உண்டு. 2019இல் பிரித்தானிய அரச விருது அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் அதனைப் பெற்றபோது, தம் தாயார் பல்லாண்டுகளாக அத்தகைய பதக்கங்களுக்குக் கையால் தையல் வேலை செய்தவர் என்று மாயா வெளிப்படையாகக் கூறினார். அரண்மனையில் மார்பிற் குத்தப்படும் பதக்கத்தின் பின்னால் ஓர் அகதித் தாயின் விரலும் ஊசியும் இருந்தன. பேரரசு, புலப்பெயர்வு, பெண்ணுழைப்பு, புகழ் ஆகிய அனைத்தும் அந்த ஒரு நூலிழையிற் கோக்கப்பட்டுள்ளன. ஆடைத் தொழிற்சாலைக்குப் பேருந்தேறும் நம் மாவட்டத்துப் பெண்களும், வீட்டுப் பணிக்காக வளைகுடா சென்ற தாய்மாரும் அந்த இழையை உடனே அடையாளம் காண்பர். மாயா எழுத வேண்டிய பாட்டு அதுவே. 'கலா' என்று பெயரிட்ட தொகுதி அதன் வாசல்வரை சென்றது. உள்ளே இன்னும் யாரும் நுழையவில்லை.

ஆகவே நம் முடிவு புறக்கணிப்பும் அன்று, வழிபாடும் அன்று. உறுமியை நடுவில் வைத்த, அகதியின் ஆங்கிலத்தைக் கலைமொழியாக்கிய, அஞ்சாமற் பேசிய கலைஞர் என்ற வகையில் மாயா அருட்பிரகாசம் நம் கவனத்துக்கும் நன்றிக்கும் உரியவர். அதே காரணத்தால் அவர் நம் கண்டிப்பான விமர்சனத்துக்கும் உரியவர். ஆசிரியர் இப்பாட்டுகளை வகுப்பிலிருந்து துரத்த வேண்டியதில்லை. 'கலா'வில் ஒரு பாட்டையும் 'போர்டர்ஸ்' பாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: இங்கே மறுமொழி சொல்வோர் யார்? அக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் மாணவர், விரைவிலே தம் பாட்டியிடம் 1990ஐப் பற்றிக் கேட்பார். சிரம்பியடிக்குச் சென்று மஞ்சாவைக் கேட்பார். அம்பா தெரிந்த முதியவரைத் தேடுவார். அவர்களுள் எவரேனும் ஒருநாள் பாட்டெழுதினால், அப்பாட்டில் அடியெடுப்பவர் யார் என்பது பெரிதாக இராது. கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் அதில் வாய் திறப்பர்.